நாலு யானை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தேநீர் குடிக்க நான் இறங்கிய கடையை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகையில் சனிக்கிழமை சதுரங்க வகுப்பு நடக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சரசு அக்கா நடத்துகிறார். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளோ பக்கத்துக் கம்பத்துக் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளோ, யார் வந்தாலும் பாயில் இடம் உண்டு.

இன்று புதிதாக வந்திருக்கும் ஐனாவுக்குத் திவ்யா மலாயில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். காஜா, அதாவது யானை, நேராகத்தான் போகுமாம். ஐனாவும் தன் காஜாவை நேராக நகர்த்துகிறாள்.

"தப்பு!" என்று கத்துகிறாள் திவ்யா.

ஐனா முகம் சிவந்து எழுந்து, செருப்பைத் தேடுகிறாள்.

"என்னக்கா தகராறு?" என்கிறேன்.

"நம்ம யானை மூலையில நிக்கும்லா. அவங்க பிஷப்ப, நம்ம மந்திரியத்தான் காஜான்னு சொல்வாங்க. ரெண்டு பேருமே சரிதான் அண்ணே."

அக்கா ஐனாவைக் கைபிடித்து உட்காரவைக்கிறார். இரண்டு காய்களையும் தூக்கிக் காட்டி, முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் தீர்ப்புச் சொல்கிறார்: "இங்க ஆளுக்கு நாலு யானை. ரெண்டு நேராப் போகும், ரெண்டு குறுக்கப் போகும். வெளாடுங்க."

ஐனாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.

அடுத்த ஆட்டத்துக்கு என்னையும் இழுத்துவிடுகிறார்கள். எதிரே இருவரும் ஒரே கட்சி. தேநீரை ஓரமாக வைத்துவிட்டு, "என் யானை வருது, பாத்துக்கோங்க!" என்று மிரட்டுகிறேன்.

இருவரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

"எந்த யானை, அங்கிள்?"