நாகவேணி எடுத்துக்கொண்ட நேரம்

போன வாரம் ஜூஜுவாடியில், லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினேன். சூடான ரப்பர் வாசனை வந்ததும் கை தானாகச் சட்டைப்பையில் பச்சைப் பேனாவைத் தேடியது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள்.

அப்போதெல்லாம் பாகலூர் சாலையில், விலைபோகாமல் கிடந்த மனைப்பிரிவு ஒன்றில் பள்ளிப் பெண்களுக்கு ரக்பி பயிற்சி நடந்தது. மனைக்கற்கள்தான் எல்லைக்கோடு. மோதிப் பழகுவதற்குப் பழைய லாரி டியூப்களை அடுக்கிக் கட்டி, நடுவில் மரத்தூள் அடைத்து நிறுத்தியிருந்தோம். வெயில் ஏற ஏற அதிலிருந்து இதே வாசனைதான் வரும்.

நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். எனக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது. கோடு போட்டு நோட்டு எழுதுவேன் என்பதற்காக, என் அறைத்தோழரான கோச் என்னை இழுத்துப் போட்டிருந்தார். ஓட்டம், தண்டால், பந்து கைமாற்றுதல், மோதிச் சாய்த்தல் என்று கட்டங்கள். தேறினால் பச்சை மை, இல்லையென்றால் சிவப்பு. உதிரிபாகங்களுக்குச் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன்.

நாகவேணிக்குப் பதினைந்து வயது. விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. தமிழில் எதைக் கேட்டாலும் ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். "அவளுக்கு இன்னும் லைன் கெடைக்கலடி" என்பார்கள் மற்றவர்கள். தெலுங்கிலோ வாய் ஓயாது. கடிகாரத்தோடு நான் பின்னால் ஓடினால் ஏதோ சொல்வாள், அணியே சிரிக்கும். என்னவென்று கேட்டால் ஒருத்தி மொழிபெயர்ப்பாள்: "பேனா மூடியத் தூக்கவே சாருக்கு மூச்சு வாங்குதாம்."

மோதும்போது தலை எதிராளியின் இடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை அவள் தலை முன்னால் போய், நெற்றிப்பொட்டில் முழங்கால் பட்டது. எழுந்து நின்றாள். தலையில் அடிபட்டால் மூன்று கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். கேட்டேன். என்ன கிழமை, பந்து யாரிடம் இருந்தது, எந்த பஸ்ஸில் வந்தாய். மூன்றுக்கும் சரியாகத்தான் சொன்னாள், மெதுவாக.

"லேட்டாச் சொல்றாளேப்பா, உக்கார வெச்சிரலாமா?" என்றார் கோச்.

"அவ எப்பவும் அப்படித்தான். தெலுங்குல யோசிச்சுத் தமிழ்ல சொல்லணுமில்ல" என்றேன்.

அடுத்த வாரம் மாவட்ட அணித் தேர்வு. உட்கார வைத்தால் அது போய்விடும் என்று அவளுக்கும் தெரியும். "ஆடறேன் சார்" என்றாள். பச்சை மையில் எழுதினேன். அணியில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். ஒருத்தியைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அடுத்த மோதலில் விழுந்தவள் எழவில்லை.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. பயிற்சியும் அன்றோடு நின்றது. நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பதிவைப் பிறகு திருத்துவது எங்கள் வேலையில் குற்றம் என்பதால், அந்தக் கட்டம் பச்சையாகவே இருக்கிறது.

மனைக்கற்களும் டியூப்களும் போய், அங்கே இப்போது சரக்குக் கிடங்கு நிற்கிறது. சில வருடம் கழித்து, அவளைப் பாகலூர் பஸ் நிறுத்தத்தில் அம்மாவோடு பார்த்தேன். அதற்குள் நான் கொஞ்சம் தெலுங்கு கற்றிருந்தேன். நல்லா இருக்கியா என்று தெலுங்கிலேயே கேட்டேன்.

"பாகுன்னாவா, நாகவேணி?"

அவள் வானத்தைப் பார்த்தாள். பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் கிளம்பிப் போனது.

"பாகுன்னானு, சார்" என்றாள்.