இரும்புச் சட்டை வகுப்பில் அப்பா தேறாத கதை

என் அப்பா நல்லரத்தினத்தைப் பற்றித் தேற்றாத்தீவில் யாரைக் கேட்டாலும் இரண்டு விசயம் சொல்வார்கள். வாவியில் வீச்சுவலை போடுவதில் நல்ல கைகாரர்; வெள்ளைக்காரன் வைத்த வகுப்பில் நாலு வருசம் குந்தியிருந்தும் தேறாத மனிசன். இரண்டாவதைச் சொல்லும்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் முதலாவதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. அந்த வகுப்பில் அப்பாவுக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவள் நான், அவருடைய மகள் மேனுகா.

சுனாமி அன்று கடல் எங்கள் வளவுக்குள் வந்து வீட்டைக் கொண்டுபோனது, தோணியைக் கொண்டுபோனது, என் தம்பியைக் கொண்டுபோனது. அப்பாவின் வீச்சுவலையை மட்டும் பூவரச மரத்தில் காயப்போட்டுவிட்டுப் போனது. அவ்வளவு கவனமான கடல். தம்பியைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

கடல் திரும்பிப் போனதும் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தோணி கேட்டவர்களுக்கு மெழுகுதிரி செய்யப் பழக்கினார்கள். வலை கேட்டவர்களுக்குக் காளான் வளர்க்கப் பழக்கினார்கள். காளான் நன்றாகத்தான் வளர்ந்தது. தின்பதற்குத்தான் ஊரில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. எங்கள் பக்கம் வந்த ஹென்றிக், கடல் தண்ணீர் புகுந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்க வந்தவர். கிணறுகள் முடிந்த பிறகும் அவருடைய நிறுவனத்தில் காசு மிஞ்சியிருந்தது. காசு மிஞ்சினால் பயிற்சி வகுப்பு வைப்பது அவர்கள் வழக்கம். என்ன வகுப்பு வைக்கலாம் என்று யோசித்த ஹென்றிக், தன் பெட்டியைத் திறந்து ஒரு பொம்மையை வெளியே எடுத்தார்.

சாண் உயரப் பொம்மை. அவர்கள் நாட்டுப் பழைய காலத்துப் படைவீரன். கையில் வாள் இருந்தது, தலையில் இரும்புத் தொப்பி இருந்தது, இடுப்புக்கு மேலே உடுப்பு இல்லை. ஹென்றிக்கின் ஊரில் தாடி வைத்த, பெரிய உத்தியோகம் பார்க்கிற ஆம்பிளைகள் இப்படிப் பொம்மைகளை வாங்கி, தங்கள் விருப்பத்துக்கு வாளையும் உடுப்பையும் மாற்றி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருப்பார்களாம். அதற்கு உண்மையான உலோக வளையங்களால் பின்னிய போர்ச் சட்டை வேண்டுமாம். செய்து கொடுத்தால் வாங்குவார்களாம். இதையெல்லாம் தமிழில் சொல்லவேண்டியது மொழிபெயர்ப்புக்கு வந்த காத்தான்குடி றமீஸா மிஸ்ஸின் தலைவிதி. மிஸ் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்:

“பெரிய ஆம்பிளையள் பொம்மை வச்சு விளையாடுறதா தங்கச்சி?”

“விளையாடுறல்ல அண்ணன். சேக்கிறாங்களாம்.”

“சேத்து?”

மிஸ் ஹென்றிக்கிடம் கேட்டார். ஹென்றிக் கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். மிஸ் எங்கள் பக்கம் திரும்பி, “பாத்துக்கொண்டிரிப்பாங்களாம்,” என்றார்.

வேலை இதுதான். மெல்லிய கம்பியைச் சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றில் நெருக்கமாகச் சுற்றி, சுற்றியதை நீளவாக்கில் வெட்டினால் குட்டி வளையங்கள் உதிரும். ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு குறட்டால் திறந்து, அதற்குள் நாலு வளையங்களைக் கோத்து, மூட வேண்டும். மூடிய இடம் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. தும்மினால் காலையில் வெட்டிய வளையமெல்லாம் பாய்க்குள் போய்விடும்.

முதலில் தந்தது செப்புக் கம்பி. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டு பக்கத்து உப்புக் காற்றுக்கும் நடுவில் செப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, பச்சை பூத்துவிட்டது. ஹென்றிக் அதை நிறுத்திவிட்டு, சுறாத் தூண்டிலில் கட்டுகிற துருப்பிடிக்காத கம்பியை வாங்கித் தந்தார். அதன் பிறகு செப்பு அந்த வளவுக்குள் வரவேயில்லை.

அந்த முதல் மாதம் அப்பாவின் கையைப் பார்த்திருக்க வேண்டும். வலைக்கண் கட்டிப் பழகிய விரல்களுக்கு நூல் என்ன, கம்பி என்ன. ஹென்றிக் அவருடைய விரல்களை மட்டும் படம் பிடித்துத் தன் ஊருக்கு அனுப்பினார்.

“மூணு மாச வகுப்ப அண்ணன் இந்தக் கிழமையே முடிச்சிருவார் எண்டு சொல்றார்,” என்றார் மிஸ்.

அன்று பின்னேரம் நாங்கள் தகரக் கொட்டிலுக்குத் திரும்பியபோது, இருந்த ஒரே கதிரையில் யோகராசா இருந்தார்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பிடித்துச் சண்டைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருந்தார்கள். முன்னே ஒரு பகுதியார் வருவார்கள். அவர்களோடு கோபித்துப் பிரிந்த மற்றப் பகுதியார் பின்னே வருவார்கள். ஆண் பெண் என்ற பேதம் பார்க்கமாட்டார்கள். சமத்துவத்தில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. பக்கத்து ஒழுங்கை உசாந்தியைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் கொண்டுபோன பிறகு என் படிப்பும் முடிந்தது. எனக்குப் பதினாலு வயது. தாலி கட்டிய பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை உலாவியது. அதை நம்பி, பாவாடை சட்டையோடு திரிந்ததுகளுக்கெல்லாம் மளமளவென்று கல்யாணம் நடந்தது.

யோகராசா அம்மா எனக்குப் பார்த்த மாப்பிள்ளை; களுதாவளையில் பசளைக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிசன். நேரத்துக்குக் கல்யாணம் கட்டியிருந்தால் என் வயதில் அவருக்கு ஒரு மகள் இருந்திருப்பாள். வேறு குறை ஒன்றுமில்லை.

அம்மாவின் பெயர் இலட்சுமிப்பிள்ளை. தம்பி போன பிறகு அம்மா என்னை எண்ணிக்கொண்டே இருப்பார். ஒன்றை எவ்வளவு நேரம்தான் எண்ணுவது.

“இஞ்சேருங்க, இரிக்கிறது ஒண்டு. இதையும் குடுத்துப்போட்டு நான் என்னத்தப் பாத்துக்கொண்டிரிக்கிற? தாலி கழுத்தில கிடந்தாத் தொடமாட்டானுகள்.”

“அவளுக்குப் பதினாலு வயசு.”

“வந்து புடிக்கிறவனுகள் வயசு கேட்டா புடிக்கிறானுகள்?”

அப்பா தன் விரல்களைப் பார்த்தார்.

“இந்தச் சட்ட வேல முடியட்டும். முடிஞ்ச அண்டைக்கு நாள் பாப்பம். அதுவரைக்கும் இவள் இப்ப மாதிரி என்னோட வகுப்புக்கே வரட்டும்.”

நிறுவன வளவில் நீலக் கொடி பறந்தது, உள்ளே வெள்ளைக்காரன் இருந்தார். அந்தக் கேற்றுக்குள் வந்து யாரையும் பிடித்ததாக ஒரு கதையும் இல்லை. மூன்று மாதம்தானே என்று அம்மா சம்மதித்தார். மூன்று மாதம்தானே என்று யோகராசாவும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

அடுத்த நாளிலிருந்து அப்பாவின் கைக்கு வேலை மறந்துபோனது.

வீச்சுவலையை உச்சியில் தொடங்கி, கீழே இறங்க இறங்கக் கண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போதுதான் வீசும்போது வட்டமாக விரியும்; தண்ணீரில் தாழக் கீழ்க்கரையில் ஈயக்குண்டு கட்டுவார்கள். அப்பா படைவீரனுடைய சட்டையையும் கழுத்தில் தொடங்கி அதே மாதிரிக் கண் கூட்டினார். போட்டுப் பார்த்தால் படைவீரன் பாவாடை கட்டி ஆட வந்தவன் போல நின்றான். பிரித்துக் கட்டச் சொன்னார் ஹென்றிக். அடுத்ததில் கை நுழைக்க ஓட்டை இல்லை. அதற்கு அடுத்தது ஒழுங்காக வந்தது போலத்தான் இருந்தது, ஹென்றிக் அதைத் தூக்கிப் பார்க்கும் வரைக்கும்.

“கீழ தொங்குறது என்ன எண்டு கேக்கிறார் அண்ணன்.”

“ஈயக்குண்டு.”

“ஈயம் எண்டு அவருக்கும் தெரியும். ஏன் கட்டின எண்டு கேக்கிறார்.”

“காத்தடிச்சாச் சட்ட எழும்பும். ஆம்பிளைக்கு மானம் போயிரும் தங்கச்சி.”

மிஸ் இதை என்னவென்று மொழிபெயர்த்தாரோ தெரியாது. ஹென்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்ட பிறகும் ஈயக்குண்டு அங்கேதான் தொங்கியது.

“எப்ப சரியா வரும் எண்டு கேக்கிறார்.”

“சுணங்கும்.”

ஹென்றிக் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது; தாமதமாகும் என்று அர்த்தம். அப்பாவிடம் படித்தவருக்கு அதற்குத்தான் அதிகம் பயிற்சி கிடைத்தது.

மூன்று மாதம் ஆறானது, ஆறு ஒரு வருசமானது. எங்களோடு தொடங்கியவர்கள் தேறிச் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனார்கள். கடைசியில் அப்பாவும் நானும்தான் மிச்சம். வகுப்பை மூடாமல் வைத்திருக்க ஹென்றிக் கேற்றுப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் ‘வாழ்வாதாரம்’ என்று இருந்தது. பிறகு ‘உளநலம்’ ஆனது. படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் வாவியைக் கடந்து வந்தபோது ‘இடம்பெயர்ந்தோர் மேம்பாடு’ ஆனது. பலகைக்கு உள்ளே அதே பாய், அதே பொம்மை, அதே அப்பா.

ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் படைவீரனுக்கு விபூதி பூசி, பொட்டு வைத்து, வாள் நுனியில் ஒரு கருவாட்டு இறாலைக் குத்திவிட்டேன். ஹென்றிக் கோபிப்பார் என்று பார்த்தால் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படம் ‘உள்ளூர்ப் பண்பாட்டு இணைப்பு’ என்ற தலைப்பில் மேலிடத்துக்குப் போய், இன்னும் ஒரு வருசத்துக்குக் காசு வந்ததாக மிஸ் சொன்னார். ஒரு இறால் செய்த வேலை.

அம்மாவுக்குத்தான் பொறுமை குறைந்துகொண்டு வந்தது.

“ஒரு சாண் பொம்மைக்கு இவ்வளவு நாளா?”

“சின்னச் சட்டதான் கஷ்டம் புள்ள. பெரிய ஆளுக்கெண்டாக் கெதியா முடிச்சிரலாம்.”

ஒரு பகல் மோட்டார் சைக்கிள் ஒன்று கேற்றடியில் வந்து நின்றது. அதில் இரண்டு பேர். முன்னால் இருந்தவனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தோளில் தொங்கிய துவக்கு அவனைவிடப் பெரிய ஆள். அப்பா என்னை எழும்ப வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, பின்னிக்கொண்டிருந்த சட்டையோடு கேற்றடிக்குப் போனார்.

“நல்லரத்தினம் ஆரு?”

“நான்தான் தம்பி.”

“வீட்டில பொம்பிளப் புள்ள ஒண்டு இரிக்காம்.”

“வீட்டில இல்ல. இஞ்ச வேல செய்யிது.”

“என்ன வேல?”

அப்பா கையை நீட்டினார். அவன் சட்டையை வாங்கித் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தான். விரலை மடக்கினான், நிமிர்த்தினான். வளையங்கள் விரலோடு சேர்ந்து மடிந்தன.

“இதென்ன?”

“இரும்புச் சட்ட.”

“துவக்குச் சன்னம் தாங்குமா?”

“தாங்காது.”

“மறுகா என்னத்துக்கு?”

“வெள்ளக்காரனுக்கு வேணுமாம்.”

பின்னால் இருந்தவன் சிரித்தான். முன்னால் இருந்தவன் சிரிக்கவில்லை. விரலை இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தான். அதற்குள் ஹென்றிக் வெறும் மேலோடு நின்ற படைவீரனைக் கையில் பிடித்தபடி போய் அப்பாவுக்குப் பின்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழுக்கு அது பொருத்தம்தான்.

“எப்ப முடியும்?” என்றான் அவன்.

“சுணங்கும் தம்பி.”

“முடிஞ்ச உடன புள்ளைய அனுப்பிவிடுங்க. நாங்க வருவம்.”

சட்டையைக் கழற்றித் தந்துவிட்டுப் போனார்கள். அப்பா வந்து பாயில் இருந்தார். ஒரு கை முடியும் நிலையில் இருந்த அந்தச் சட்டையை வளையம் வளையமாகப் பிரிக்கத் தொடங்கினார். வளையங்கள் பாயெல்லாம் சிந்தின. நான் பொறுக்கிப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டேன்.

அதன் பிறகு அந்தச் சட்டைக்குக் காத்திருந்தவர்கள் இரண்டு பகுதியார். யோகராசாதான் முதலில் களைத்தார். பொம்மைச் சட்டையோடு போட்டி போட்டு வெல்ல முடியாது என்று செட்டிபாளையத்தில் பெண் எடுத்தார். கல்யாணச் சாப்பாட்டுக்குக் குடும்பமாகப் போனோம். அப்பா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு வடக்கில் சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பக்கம் துவக்கோடு திரிந்தவர்கள் அதைக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடத் தொடங்கியிருந்தார்கள். கட்டைவிரல்காரன் ஆட்டோ ஓட்டுவதாகக் கேள்விப்பட்டோம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சமாதானம் வந்ததும் வெள்ளைக்காரருடைய காசு நின்றுபோனது; சமாதானத்துக்குக் காசு தருகிறவர்கள் உலகத்தில் குறைவாம். ஹென்றிக் கேற்றுப் பலகையைக் கழற்றினார். இந்தத் தடவை புதிதாக ஒன்றும் மாட்டவில்லை.

சாமான்களை ஜீப்பில் ஏற்றிவிட்டு, கடைசியாகப் படைவீரனைக் கடதாசியில் சுற்றப்போனார். வந்த அன்று எப்படி வந்தானோ அப்படியே மேலுக்கு ஒன்றுமில்லாமல் போகிறான்.

“கொஞ்சம் நில்லுங்க தம்பி,” என்றார் அப்பா.

மடிக்குள் இருந்து ஒரு சீலைத் துண்டை எடுத்து அவிழ்த்தார். தேங்காயெண்ணெய் மணத்தது. உள்ளே ஒரு சட்டை. இரண்டு கை இருந்தது, கழுத்து இருந்தது, கீழ்க்கரை நேராக இருந்தது, ஈயக்குண்டு இல்லை. ஹென்றிக் அதைப் படைவீரனுக்குப் போட்டார். தோளில் இருந்து இறங்கி, இடுப்பில் மடிந்து, அளவெடுத்தது போல நின்றது.

ஹென்றிக் பொம்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்புக்கு மடிப்பு, வளையத்துக்கு வளையம் பச்சை பூத்திருந்தது. எண்ணெய் எவ்வளவு போட்டாலும் செப்பு எங்கள் காற்றுக்கு மறைந்திருக்காது. அந்த வளவுக்குச் செப்பு வந்தது முதல் மாதம் மட்டும்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

றமீஸா மிஸ் பழக்கத்தில் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் மூடிக்கொண்டார்.

ஹென்றிக் ஜீப்புக்குள் இருந்து இரண்டு சான்றிதழ் எடுத்து வந்தார். ஒன்றில் என் பெயர், மற்றதில் அப்பாவின் பெயர். அப்பா என்னுடையதை மட்டும் வாங்கி என் கையில் தந்தார்.

“எனக்கு வேணாம் எண்டு சொல்லுங்க தங்கச்சி. நான் தேறல்லயே.”

மிஸ் சொன்னார். ஹென்றிக் படைவீரனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிஸ்ஸின் உதவி இல்லாமல் அப்பாவிடம் சொன்னார்:

“சுணங்கிட்டு.”

“ஓம் தம்பி,” என்றார் அப்பா. “கொஞ்சம் சுணங்கித்தான் போயிட்டு.”