பிளாக்டவுனிலிருந்து நோபல் பார்க்: பெண் பார்க்க ஒரு கார்ப் பயணம்

எழுபத்தாறாம் வருஷம், தை மாதம். சிட்னியில் நம் ஆட்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெல்பர்ன் நர்ஸ் மல்லிகாவுக்கு மறு வாரம் சென்னைக்கு டிக்கெட். அங்கே அவளுக்குப் பிடிக்காத மாமா பையன் காத்திருந்தான். அதற்குள் ஒரு நல்ல இடம் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை சேகர், பிளாக்டவுனில் இன்ஜினியர். கூடவே அவன் அக்கா கமலம். முந்தின வருஷம் நான் கொண்டுபோன வரனை, வாசலில் பூனை போனதென்று தட்டிவிட்டவள். எனக்கு எதுவும் மறக்காது.

புதன் காலை ஐந்து மணிக்கு சேகரின் காரில் மூவரும் கிளம்பினோம். மொத்தம் தொள்ளாயிரம் கிலோமீட்டர், போக மட்டும் பெட்ரோல் பதினெட்டு டாலர். வழியில் ஆல்பரியில் ராத்திரி தங்கி, வியாழன் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்வதாகத் திட்டம். மல்லிகாவுக்கு மூன்று மணிக்கு டியூட்டி. சீமோர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்தது. புகை அடங்கும்வரை ரோட்டோரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"உக்காருங்கக்கா, நீங்க நடந்தா அது ஆறிடுமா?" என்றான் சேகர்.

நோபல் பார்க்கில் மல்லிகாவின் வாடகை வீட்டு வாசலில் நிறுத்தும்போது மணி ஒன்று நாற்பது. கமலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை ஒன்றரைலேர்ந்து மூணு ராகு காலம். யாரும் எறங்கக் கூடாது."

"மூணு மணிக்கு அவ ஆஸ்பத்திரியில இருக்கணும் கமலம். இந்த ஊர்ல வெயில் காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்கான். சூரியக் கணக்குல இப்ப பன்னெண்டே முக்கால்கூட ஆகலை. வா உள்ள."

கமலம் யோசித்தாள். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப ராகு ரெண்டரைக்குத்தான் ஆரம்பிக்கும். நல்ல காரியம் பேசிட்டு ராகுலயா வெளிய வர்றது? அது இன்னும் மோசம்க்கா."

நானே எடுத்துக் கொடுத்த கணக்கு! கொதிக்கிற காருக்குள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திரை நாலு தரம் விலகியது. கடைசியில் வெள்ளை யூனிஃபார்மில் மல்லிகாவே காபித் தட்டோடு ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

"உள்ள வரலைன்னா பரவால்ல ஆன்ட்டி, இங்கயே குடிங்க. உங்களுக்காகக் காத்திருந்து எனக்கு பஸ் போயிடுச்சு."

சேகர் இறங்கினான்.

"டேய், ராகு காலம்!"

"உள்ள போகலியேக்கா. ரோட்டுலதான நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் எறங்குங்க, இவங்களை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துடறேன்."

காபித் தட்டோடு கமலமும் நானும் நடைபாதையில் நின்றோம். மூன்றே காலுக்குத் திரும்பி வந்தவன், "டிக்கெட்டை கேன்சல் பண்றாங்களாம்" என்றான்.

இந்த வழியில் போகிறவர்கள் ரேடியேட்டருக்கு ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பரியில் தங்காமல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். பெண் பார்க்கப் போவதானால் ஜாதகத்துக்கு முன்னால் டியூட்டி நேரத்தைக் கேளுங்கள்.

நல்ல நேரம் பார்த்து முடித்த சம்பந்தம் என்று சிட்னி முழுக்கக் கமலம் சொல்லிக்கொண்டாள். அதனால் நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சேகரும் மல்லிகாவும் காரில் ஏறியபோது மணி இரண்டு முப்பத்தைந்து. கமலத்தின் கணக்கிலும் ராகு காலம், என் கணக்கிலும் ராகு காலம்.