பதினாறு நிமிடம்

முதலில் ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதுவார். பிறகு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து துணியை எடுப்பார். நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக விளிம்புக்கு வருவார். விளிம்பைத் தொட்டதும் துணியின் மடிப்பை மாற்றிக்கொள்வார். உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு கண்ணாடிகள், தேன்கூடு மாதிரி ஒரே சட்டத்தில். பன்னிரண்டையும் துடைத்து முடிக்க மூன்று நிமிடம் போதும். ஆனால் சில நாட்களில் அவர் அங்கே பதினாறு நிமிடம் நிற்பார்.

உரத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். பின்பக்க வேலி ஓரமாக இந்த முனைக் கம்பத்தில் ஒரு விளக்குப் பெட்டி. இருநூறு மீட்டர் தள்ளி, அந்த முனைக் கம்பத்தில் இந்தக் கண்ணாடி. பெட்டியிலிருந்து கிளம்பும் வெளிச்சம் வேலியோடு ஓடிக் கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்பும். வழியில் அம்மோனியா கலந்திருந்தால் பெட்டி கண்டுபிடித்துவிடும். எப்படி என்று யாராவது கேட்டால் போச்சு, மனுஷன் விடமாட்டார்.

"காத்துல கலக்குற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு ருசி இருக்கு சார். வெளிச்சத்துல எத்தனையோ நிறம். நம்ம கண்ணுக்குத் தெரியாத நிறமும் உண்டு. அம்மோனியா தனக்குப் பிடிச்சதை மட்டும் கடிச்சுத் தின்னும், மத்ததைத் தொடாது. திரும்பி வர்ற வெளிச்சத்துல எங்கெங்க கடி விழுந்திருக்குன்னு பாத்தா, தின்னது யாரு, எவ்வளவு தின்னான்னு தெரிஞ்சுபோகும். இதுக்குப் பொய் சொல்லவே தெரியாது சார்."

படித்தது எட்டாவது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு குழாய் பிளந்தது. அன்றோடு மூக்கு செத்தது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. "என் மூக்கைக் கழட்டி அந்தப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க" என்பார்.

டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிவிடுவார். அந்த டப்பாத் துணியை மட்டும் மனைவி தொடக் கூடாது. "சோப்பு பட்டா படலம் கட்டும்டி."

அந்தப் பதினாறு நிமிடத்துக்கு வருவோம். மாதத்தில் நாலைந்து முறை இன்ஜினீயரிடமிருந்து போன் வரும். "அண்ணே, கண்ணாடியில தூசி இருக்கும்போல." அரை கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தூசி தெரிகிறதாம். அவருக்குத் தெரிவது திரையில் ஏறும் அம்மோனியா எண். கண்ணாடிக்கு முன்னால் ஆள் நின்றால் வெளிச்சம் அறுந்துவிடும். பெட்டி எண்ணை விட்டுவிட்டு 'பராமரிப்பு' என்று எழுதிக்கொள்ளும். கால் மணிக்கு மேல் அப்படிப் போனால் அந்த ஒரு மணி நேரமே பதிவில் சேராது. அதனால்தான் பதினாறு. பொய் சொல்லத் தெரியாத பெட்டியின் வாயை இவர் முதுகு பொத்தும்.

வேலிக்கு அந்தப் பக்கம் முதல் வீடு அவருடைய அக்கா வீடு. இவரைக் கைப்பிடித்து இந்த வேலையில் சேர்த்ததே மாமாதான். இப்போது மாமாவால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். தெருவே திரண்டுபோய் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தது. சோதனை அதிகாரி பதிவைப் புரட்டினார். அம்மோனியா அனுமதித்த அளவைத் தாண்டியதாக ஒரு மணி நேரம்கூட இல்லை. "ஒரே ஒரு மணி நேரம் பதிவுல இருந்தா போதும்மா, நானே உள்ள போய்க் குழாயைப் பிரிச்சுக் காட்டச் சொல்லிடுவேன்" என்றார் அக்காவிடம்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டரோடு தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"கண்ணு எரிஞ்ச நாளை எல்லாம் சுழிச்சு வச்சிருக்கேன். சுழிச்ச நாள்ல எல்லாம் நீ அங்க நின்னுக்கிட்டிருந்தே."

"கண்ணாடி தொடைக்கிறது என் வேலைக்கா."

"பளபளன்னு இருக்கறதை எத்தனை தடவைடா தொடைப்பே? என் வீட்டுப் பாத்திரம்கூட அவ்வளவு தேயலை."

உள்ளே மனைவி சிரித்துவிட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எம் பொண்ணு அங்க ஆய்வுக்கூடத்துல தற்காலிகமாத்தான் இருக்கா. அடுத்த மாசம் நிரந்தரம் பண்றதா சொல்லியிருக்காங்க."

"உங்க மாமா மூச்சு நிரந்தரமாடா?"

"நான் நிக்கலைன்னா வேற ஒருத்தன் நிப்பான்."

"நிக்கட்டும். அவன் என் கூடப் பொறந்தவன் இல்லையே. வாய் நிறையத் திட்டிட்டுப் போயிடுவேன்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "ஒரே ஒரு தடவை போகாம இருடா. கால் வலின்னு சொல்லு."

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குப் போன் வந்தது. தூசியாம்.

"கால் கொஞ்சம் வலிக்குது சார்" என்றார் கண்ணாடிக்காரர். சொன்னாரா இல்லையா என்றால், சொன்னார்.

"அடடா. மெதுவாவே நடந்து போங்கண்ணே. பாப்பா நல்லா இருக்காளா? அவ ஃபைல் என் மேசை மேலதான் இருக்கு."

டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஊதினார், துடைத்தார், மடிப்பை மாற்றினார். அவை அறை மூலை மாதிரி உள்ளே மூன்று முகம் கூடும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் நின்றாலும் பார்ப்பவனையே காட்டும், அதுவும் தலைகீழாக. பன்னிரண்டிலும் அவரே தொங்கினார். கண்ணில் நீர் கொட்டியது. காற்றில் இருந்த சரக்கு அப்படி.

அக்கா மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கம்பி வேலிக்கு வந்துவிட்டாள். கை நீட்டினால் தொடும் தூரம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். வீட்டுக்குள் மாமா இருமும் சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்டா?"

"ஒம்போது நிமிஷம்க்கா."

அவள் போகவில்லை. அவரும் திரும்பவில்லை. துடைக்க எதுவும் பாக்கி இல்லை. துணியை நாலாக மடித்து டப்பாவில் வைத்து மூடினார். அப்போதுதான் கவனித்தார், இடது தோளுக்கு மேலே ஓரக் கண்ணாடி ஒன்றில் வெளிச்சம் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அரை அடி நகர்ந்து அதையும் மறைத்துக்கொண்டு நின்றார்.