திரும்பிப் பார்க்கும் குமுதா

குமுதாவின் முதுகு கிள்ளான் வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். முகம் அவ்வளவாகத் தெரியாது. அவள் கணவன் கமலநாதன் கைப்பேசியில் எடுத்து இணையத்தில் ஏற்றும் பயணப் படங்களில் எப்போதும் ஒரு பெண் பின்பக்கமாக நடந்து போவாள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளுக்கு நடுவே போவாள், கேமரன் மலையின் தேயிலைச் சரிவில் போவாள், உலகத்துக் கவலையெல்லாம் தீர்ந்தவள் மாதிரி மெதுவாகப் போவாள். ஓர் இடம் வந்ததும் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பாள். பாதிக் கன்னம் தெரியும்போதே படம் அடுத்த ஊருக்குத் தாவிவிடும். அந்தப் பெண்தான் குமுதா. அவளுக்குக் கவலை தீர்ந்துவிட்டதென்று யாரும் நம்ப வேண்டாம். அவள் உள்ளங்காலில் ஆணி.

கமலநாதன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி ஏற்றும் கொண்டேனா லோரி ஓட்டியவன். இடுப்பு எலும்பு விலகிய பிறகு, உள்ளே வரும் லோரிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலையில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து மனிதன் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பிடுவான், சுவரைப் பார்ப்பான், படுப்பான். பிள்ளை இல்லாத வீட்டில் சனியும் ஞாயிறும் எவ்வளவு நீளம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போதுதான் ஒரு புதுக் கைப்பேசி வந்தது. படம் ஆடாமல் இருக்க அதை ஒரு கைப்பிடியில் மாட்டினான், முழங்காலை மடக்கினான், மூச்சை அடக்கிக்கொண்டு வாத்து மாதிரி கூடத்தில் நடந்து பழகினான். இடுப்பு வலிக்காரனா இது என்று குமுதா வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாகியிருந்தது அவளுக்கு.

அதில் மயங்கித்தான் அவள் வாயைக் கொடுத்தாள். "வெறும் கோபுரத்தையே எடுத்துக்கிட்டு இருந்தா யாருங்க பாப்பாங்க? நடுவுல ஒரு ஆளு நடந்து போனா நல்லா இருக்கும்லா."

"அப்ப நீயே நட," என்றான்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்று சொல்வார்களே, அதைக் குமுதா தன் வாயாலேயே செய்துகொண்டாள்.

அவள் ஒரு தடவை நடந்தால் கமலநாதனுக்குப் போதாது. வெயில் மேகத்துக்குள் போய்விட்டது, மறுபடி. குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள், மறுபடி. துப்பட்டா காற்றில் எழவில்லை, மறுபடி. தோசை வந்தால் முதலில் படம் தின்னும், பிறகுதான் மனிதர்கள். தே தாரிக் தேநீரின் நுரை அடங்கி ஏடு கட்டும்வரை குமுதா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். அவள் போகாத ஊர் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. நடக்கும்போது கண் தரையில் இருக்கும், மனம் பின்னால் வரும் அந்த வாத்து நடையின் மீது இருக்கும். அது சற்று நிதானித்தால் திரும்ப வேண்டும். வாய்விட்டுக் கூப்பிட்டால் பின்னணிச் சத்தம் கெட்டுவிடுமாம். வீடு திரும்பும் வழியில் "நல்லா வந்துச்சாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

நிறுத்தச் சொல்லலாம். பல முறை வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் அவன் கோபப்பட மாட்டான், அதுதான் சிக்கல். சரிம்மா என்று கைப்பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடியும் சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிடுவான். நல்லவனாக இருக்கும் புருஷனிடமிருந்து தப்பிக்க வழி கிடையாது.

பண்டமாரானில் இருந்த வீட்டில் அவர்களோடு குமுதாவின் அம்மா இராஜம்மாவும் இருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்டாலும் வாய் மட்டும் எழுந்து நடக்கும். மருமகன் படத்தைப் போட்டுக் காட்டும்போதெல்லாம், "எம் மவ முதுக ஊரே பாக்குது. மூஞ்சிய நான் ஒருத்திதான் பாக்குறேன். எனக்குத்தான் அதிர்ஷ்டம்," என்பாள். குமுதா சிரித்துக்கொண்டே அவள் போர்வையை இழுத்துவிடுவாள்.

இதற்கிடையில் ஒரு நாள் கிள்ளான் பாசார் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு தனியாக வந்தவள், ஈரத் தரையில் நடை தானாக மெதுவாகி, பாதி வழியில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து நின்றாள். பின்னால் தள்ளுவண்டியோடு வந்த சீனப் பெரியவர் இடிக்காமல் வண்டியை இழுத்துப் பிடித்து, "ஆன்டி, ஜாலான் லா," என்று நடக்கச் சொன்னார். அதற்குமேல் என்ன சொல்வார், பாவம். பையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட, எதற்காகத் திரும்பினோம் என்று குமுதாவுக்கு விளங்கவில்லை. வீட்டில் இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் இராஜம்மா போய்விட்டாள். போவதற்கு முன்பு தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "எனக்கு எல்லாம் நீதான் செய்யணும். வேற யார் கையும் வேணாம்."

அம்மாவின் தம்பி ரெங்கசாமி மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்தவர், தகனம் முடிந்த அன்றே பேச்சை எடுத்தார். "பொம்பளப் புள்ள சாம்பலத் தூக்கிக்கிட்டுக் கடல்ல எறங்கறத நம்ம குடும்பத்துல பாத்ததில்ல. என் மவன் செய்யட்டும்."

"அம்மா என்னத்தான் சொன்னாங்க மாமா. நான் செய்றேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "செய். ஆனா ஒரு கொற வரக்கூடாது. கொற வந்துச்சுன்னா நமக்கு ஒண்ணுமில்ல, எங்க அக்காதான் கெடந்து அலையும்."

அந்த வார்த்தை குமுதாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்து அம்மாவை அனுப்ப வேண்டும். வாழ்க்கையில் ஒன்றையாவது ஒரே தடவையில் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். கமலநாதனைத் தனியே அழைத்து, "நாளைக்கு போன் வேணாங்க," என்றாள்.

"சீ, அதுக்கெல்லாமா எடுப்பேன்," என்றான். உண்மையாகவே மனம் நொந்து சொன்னான். மறுநாள் காலை கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான்.

காப்பார் பக்கத்துக் கடற்கரையில் மணலை விடச் சேறுதான் அதிகம். வெயில் இளசாக, தண்ணீர் மேல் பொன் பூசியது போல் கிடந்தது. கமலநாதன் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதைக் குமுதா கவனித்தாள். நல்ல மனிதன், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று அந்தத் துக்கத்திலும் அவன்மேல் இரக்கம் வந்தது.

சடங்கு செய்துவைக்க வந்த பண்டாரம் பூவும் சாம்பலும் நிறைந்த பானையை அவள் கையில் கொடுத்தார். "அப்படியே எறங்கிப் போங்கம்மா. அம்மாவ நெனச்சுக்கிட்டுத் தண்ணியில விடுங்க. முழுகிட்டு நேரா கரைக்கு வந்துருங்க. திரும்பி மட்டும் பாக்கக் கூடாது. பாத்தா போற ஆத்மாவக் கூப்புடுற மாதிரி ஆயிரும்."

சேறு வழுக்கும் என்பதால் கமலநாதனும் துணைக்கு இறங்கினான். இடுப்பளவுத் தண்ணீரில் குமுதா பானையைக் கவிழ்த்தாள். சாம்பல் ஒரு கணம் மேகம் மாதிரி நின்று கலைந்தது. முழுகி எழுந்து கரையை நோக்கி நடந்தாள்.

கரையில் மாமா கைகட்டி நின்றார். பக்கத்தில் மாமி தனலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பின்னால் கமலநாதன் வந்தான். சேற்றில் விழுந்துவிடாமல் முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல மெல்ல ஊன்றி வந்தான். குமுதாவுக்குப் பழகிய சத்தம் அது. நனைந்த புடவை காலைப் பின்ன, அவள் நடை மெதுவானது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்த இடத்தில் பின்னால் வந்த சத்தம் சற்று நிதானித்தது.

குமுதா திரும்பிப் பார்த்தாள்.

கமலநாதன் வெறுங்கையோடு நின்றான். அவனுக்கு அப்பால் அம்மாவின் பூக்கள் இன்னும் போகவில்லை. சாமந்தியும் ரோஜாவும் ஒரு கொத்தாகக் கரைப்பக்கமே மிதந்து வந்துகொண்டிருந்தன. அம்மா தன்னைத் தேடி வருகிறாள் என்றே அவளுக்குப் பட்டது. அதுவரை வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அம்மா, அம்மா என்று பூவைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

"நான் கூப்புடலையே குமுதா," என்றான் கமலநாதன், வெளிறிப்போய். "நான் ஒண்ணும் சொல்லலையே."

கரையில் மாமாவின் குரல் கேட்டது. "இதுக்குத்தான் சொன்னேன். பையன் செஞ்சிருந்தா இப்படி ஆகுமா?"

அழுகை அப்படியே பாதியில் நின்றது. அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார்மேல் கோபப்படுவது? கூப்பிட்டவனும் இல்லை, எடுத்தவனும் இல்லை. பெற்றவளை அனுப்பும் வழியில் தன் கழுத்தே தன் பேச்சைக் கேட்கவில்லை.

பண்டாரம் நல்ல மனிதர். எத்தனையோ துக்கத்தைப் பார்த்தவர் கையமர்த்திச் சொன்னார்: "விடுங்கய்யா, பெத்த பாசம். பரவால்லம்மா, ஒண்ணும் ஆயிரல. திரும்பிப் போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு, மறுபடி நடந்து வாங்க."

குமுதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் இறங்கினாள். கமலநாதன் கேட்காமலே ஒதுங்கி, அவள் பாதையில் படாத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டான். அவள் பூக்களைத் தாண்டிப் போய் முழுகினாள். கைகூப்பினாள். கரையைப் பார்த்து நடந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது, பார்வை நேராக இருந்தது, கால் எங்கும் தடுமாறவில்லை. எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. திரும்பவே இல்லை. மணலில் கால் வைத்தபோது தனலெட்சுமி மாமி ஓடி வந்து கட்டிக்கொண்டு கதறினாள். ரெங்கசாமி மாமாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, நல்லபடியா முடிஞ்சுச்சு. அக்கா போய்ச் சேந்துருச்சு," என்றார்.

எல்லாருக்கும் திருப்தி. குமுதாவுக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. அழ வேண்டியதை முன்பே அழுதுவிட்டாள், அதையும் பாதியில்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கார் மேருவைத் தாண்டியது. பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நல்லா வந்துச்சாங்க?"

"ரெண்டாவது நல்லா இருந்துச்சு," என்றான் கமலநாதன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். குமுதா அவன் முதுகில் கையை வைத்தாள். எடுக்கவும் தோன்றவில்லை, தட்டிக் கொடுக்கவும் தோன்றவில்லை.