வீட்டுக்காரம்மா மாதாவான கதை

நேற்று அலுவலகத்தில் ஒரு சாம்பிள் பனியனின் பாலிதீன் உறையைப் பிரித்தேன். புதுப் பஞ்சும் இஸ்திரி ஆவியும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. பனியனைப் பார்த்து எச்சில் விழுங்குகிற ஒரே ஆள் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன். பக்கத்து மேசைப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடம் என்னவென்று சொல்ல? எனக்குப் புது பனியன் என்றால் சூசையப்பர் திருநாள், சூசையப்பர் திருநாள் என்றால் பாயசம். மூளை அப்படிப் பழகிவிட்டது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மாவுக்குச் செக்கிங் வேலை. பாத்திரம் பண்டங்களோடு சூசையப்பரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மார்ச் மாதம் அவர் திருநாளன்று வீட்டில் அசனம் போட வேண்டும். அசனம் என்றதும் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்து என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு வழக்கம் வேறு. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரை அழைத்து வந்து, சூசையப்பர், மாதா, குழந்தை இயேசுவாகப் பாவித்து, பாதம் கழுவி, புதுத்துணி கொடுத்து, இலை போட வேண்டும். அவர்கள் உண்டு முடித்து வீட்டை ஆசீர்வதித்த பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். அதுவரை உப்புப் பார்க்கக்கூட ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது.

புதுத்துணி என்றால் பட்டும் சரிகையும் அல்ல, கம்பெனியில் மிஞ்சிய ஏற்றுமதி பனியன்கள்தான். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கால்பந்துக் குழுவின் பெயரை நெஞ்சில் சுமந்துகொண்டு சூசையப்பர் நடந்து போவதை எங்கள் சந்தில் வருடாவருடம் பார்க்கலாம்.

நான் ஆறாவது படித்த வருடம் அசனத்துக்குக் காரணம் பெரிதாக இருந்தது. வீட்டுக்காரம்மா எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் நடுச்சுவர்களை இடித்துவிட்டு, தையல் மிஷின் போடுகிற ஒருவருக்கு மொத்தமாக வாடகைக்கு விடப் போகிறாராம். "பங்குனி முடியறதுக்குள்ள வேற ஊடு பாத்துக்கோங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். கொங்கு நாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு தேடினார்கள். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "தெக்கத்திக்காரங்களா? கருவாடு வறுப்பீங்களே!" வறுப்போம்தான். இல்லையென்று சத்தியமா செய்ய முடியும்?

கடைசியில் அம்மா சூசையப்பரிடமே நேராகப் பேசிவிட்டாள். "பெத்லகேம்ல வீடு வீடா ஏறி எறங்குனவரு நீரு. எடங் கெடைக்காத கஷ்டம் ஒமக்குத் தெரியாததா? ஒமக்கு நல்லா அசனம் போடுதேன். இந்த வீட்ட விட்டு எங்கள எறக்கப்படாது, பாத்துக்கிடும்."

திருநாள் வந்தது. தவக்காலம், ஆகவே கறி மீன் கிடையாது. சாம்பார், அவியல், அப்பளம், பாயசம். வாசனை சந்து முனை வரை போனது. நான் அடுப்படி வாசலிலேயே பழியாய்க் கிடந்தேன். உச்சிப்பொழுதுக்கு அப்பா மட்டும் தனியாக வந்தார்.

"ஷிப்மெண்ட்டாம். கம்பெனி கேட்டப் பூட்டிட்டான். நாம கூப்பிட்ட டெய்லரும் பொஞ்சாதியும் உள்ள மாட்டிக்கிட்டாவ."

"நீங்க மட்டும் எப்படி வந்திய?"

"பல்வலின்னு சொன்னேன்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. சாமிக்கு நேர்ந்த பொருத்தனை தவறினால் வீடு போச்சு. எனக்கு வீட்டைவிடப் பாயசம் போய்விடுமே என்றுதான் கவலை. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினார். திரும்பி வரும்போது பக்கத்தில் பனியன் வேஸ்ட் குடோன் வைத்திருந்த பாய் கூட வந்தார். அவர் இடுப்பில் அவருடைய சின்ன மகள், ரிப்பனும் கண்மையுமாக.

"நானு யாருங்க?" என்றார் பாய்.

"சூசையப்பரு, பாய். தச்சு வேல பாத்தவரு."

"தொழிலாளிங்களா? அப்பச் சரிங்க. மரியம் அம்மா எங்களுக்கும் பெரியவங்கதானுங்க." சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ரிப்பனையே பார்த்தாள். "குழந்த யேசு பொம்பளப் பிள்ளையாவா?"

"பசிக்குத வயித்துல ஆணு பொண்ணுன்னு எழுதியா இருக்கு?" என்றார் அப்பா.

மாதாதான் பாக்கி. பாயின் மனைவி உடுமலைக்குத் தாய்வீடு போயிருந்தார். அம்மா வாசலுக்குப் போய்ச் சந்தின் இருபக்கமும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து வந்து நின்றவர் யார் தெரியுமா? சாட்சாத் வீட்டுக்காரம்மா.

"ஊடு ஏதாச்சும் பாத்தீங்களான்னு கேட்டுப்போட்டுப் போலாம்னு..."

அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள். "அக்கா, உள்ள வந்து ஒரு வாய் சாப்பிடணும்." வீட்டுக்காரம்மா என்ன ஏதென்று கேட்பதற்குள் பாய் எடுத்துக்கொடுத்தார். "உக்காருங்கம்மா. நீங்கதான் மாதாங்களாம்."

பாதம் கழுவத் தாம்பாளத்தை வைத்ததும் அவர் பதறிப்போனார். "ஐயோ, கால உடுங்க! என்னங்க இது!" அம்மா விடவில்லை. வெடித்துப் போன அந்தக் குதிகால்களை மஞ்சள் தண்ணீர் ஊற்றி மெதுவாகத் தேய்த்தாள். வீட்டுக்காரம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விதவையான அவருடைய காலை அதற்கு முன் யார் தொட்டிருப்பார்கள் என்று இன்று யோசிக்கிறேன்.

பிறகு சாம்பார் ஊற்றினார்கள். அங்கேதான் வினை. ருசி பார்க்கக்கூடாதல்லவா? அம்மா ஒரு முறை உப்புப் போட்டிருந்தாள். அவள் வாசலில் நின்ற நேரம், உதவுகிறேன் பேர்வழி என்று அப்பாவும் அள்ளிப் போட்டிருந்தார். பாய் ஒரு கவளம் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடினார். தொழுகிறாரோ என்று நினைத்தேன். வீட்டுக்காரம்மாவின் புருவம் நெற்றிக்கு மேலே போனது. சாமி சாப்பாட்டைக் குறை சொல்லலாமா என்று இரண்டு பேரும் அடுத்த கவளத்தையும் எடுத்தார்கள். குழந்தை இயேசுவுக்கு அந்தத் தயவெல்லாம் இல்லை. "உப்பூ! தூ!" என்று இலையிலேயே துப்பியது.

வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனோம். பார்த்தால் சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரையேறி, கண்ணில் நீர் வழிய அப்படியொரு சிரிப்பு. அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பாயும் சிரித்தார், அப்பா பல்வலியை மறந்து சிரித்தார். பாயசம் வந்து எல்லோர் நாக்கையும் காப்பாற்றியது.

கடைசியாக ஆசீர்வாதம். நாங்கள் முட்டி போட்டோம். பாய், "நோய்நொடி இல்லாம இருங்க" என்றார். வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்தபடியே என் தலையில் கை வைத்தார். "இந்த ஊட்லயே இருந்து, நல்லாப் படிச்சு, நல்லா இருக்கோணும் கண்ணு."

"ஆமென்!" என்று அம்மா பாய்ந்தாள்.

"ஆமென்!" என்றார் அப்பா.

"ஆமீன்!" என்றார் பாய்.

வீட்டுக்காரம்மா எங்களை மாறிமாறிப் பார்த்தார். "ஏனுங்க, நானு இப்ப என்ன சொல்லிப்போட்டேன்?"

"நீங்க சொல்லலீங்கம்மா, மாதால்ல சொன்னாங்க" என்றார் பாய்.

அந்த மிஷின்கள் வரவே இல்லை. அடுத்த மார்ச்சில் கூப்பிடுவதற்கு முன்பே வீட்டுக்காரம்மா அடுப்படிக்கு வந்துவிட்டார். மாதா ருசி பார்த்தால் தப்பில்லை என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, சாம்பாருக்கு உப்பும் அவரே போட்டார். காலை மடக்க முடியாமல் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வருடாவருடம் நாங்கள் கொடுத்த பனியன்கள் அவர் வீட்டுப் பரண் மேல் உறை பிரிக்காமல் இருந்ததை அவர் கண்ணை மூடிய பிறகுதான் பார்த்தோம். அவற்றை ஒருநாளும் அவர் போட்டதில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அவருடைய பிள்ளைகள் இடத்தை விற்றார்கள். லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த ஷோரூம். பாய் பக்கத்தில் மங்கலம் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார். நாங்கள் கடன் வாங்கி ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். போன மார்ச்சில் அங்கே அசனம். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. சாப்பிட வந்தவர்கள் நல்லபடியாக ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். அம்மா இலைகளை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தாள்.

"சூசையப்பருகிட்ட வீட்டக் கேட்டோம், குடுத்துட்டாரு," என்றாள். "வீட்டுக்காரம்மாவையும் சேத்துக் கேட்டிருக்கணும், பிள்ள."