பதினொரு மிட்டாய்

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து சவ்ரினிசோவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நிவாரண மாவு யாருக்கு என்று முடிவு செய்ய ஓர் ஆள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு வாரத்தில் பனி விழுந்து மலைப்பாதை அடைபடும்; பிறகு ஏப்ரல் வரை எதுவும் ஏறி வராது. ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவனிடமிருந்து மார்ச்சுக்குப் பின் தகவல் இல்லை. மூன்று பிள்ளைகள். பெட்டியில் நாலு நாளைக்கு மாவு.

ஆனாலும் வருகிறவர் விருந்தாளி. சாப்பாட்டு விரிப்பை வெறுமையாக விரித்து அதன் முன் அவரை உட்காரவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு நிக்பக்தியிடம் இரண்டு ரொட்டியும், விளிம்பு உடைந்த நீலக் கிண்ணத்தில் பதினொரு மிட்டாயும் இரவல் வாங்கிப் பரப்பினாள்.

வந்த இளைஞர் அஸ்லிதின், உப்புப் போட்ட பால் டீ மட்டும் குடித்தார்.

"இதெல்லாம் உங்க வீட்டுதாக்கா?"

"பின்ன யாரு வீட்டுது? எடுத்துக்குங்க தம்பி."

வாய் முந்திக்கொண்டது. தாளில் அவர் 'உணவு போதுமானது' என்று எழுதுவதைப் பார்த்தாள்.

அவர் வாசலில் செருப்பைத் தேடும்போதே நிக்பக்தி பின்பக்கமாக வந்துவிட்டாள்.

"கிண்ணத்தைக் குடு. அடுத்தது எங்க வீடு."

"வேணாம்டி. மாவு லிஸ்ட்ல என் பேரு போச்சு. உன் பேரும் போயிடும்."

"நீ மட்டும் வெப்ப, நான் வெறும் டீயை நீட்டணுமா?"

ஒட்டியிருந்த தட்டைக் கூரைகள் வழியாகக் கிண்ணம் நிக்பக்தி கையில் ஓடியது. சவ்ரினிசோ மாவுப்பெட்டியை இரண்டு முறை திறந்து மூடினாள். பிறகு அவளும் அங்கே ஓடினாள்.

அஸ்லிதின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னைவிட வேகமா நடக்குதே."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே கடையில வாங்கினது" என்றாள் நிக்பக்தி.

"உடைஞ்ச இடங்கூடவா? எண்ணினேன். அங்கயும் பதினொண்ணு, இங்கயும் பதினொண்ணு."

சவ்ரினிசோ வாசலில் நின்றபடியே சொன்னாள்: "எங்க வீட்டுக்குத் திரும்ப வாங்க தம்பி. மாவுப்பெட்டியைப் பாருங்க."

நிக்பக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஊரில் மாவுப்பெட்டியை வெளியாளுக்குத் திறந்து காட்டியவர்கள் கிடையாது.

அஸ்லிதின் வந்து குனிந்து பார்த்தார். எழுதியதை அடித்து வேறு எழுதினார்.

"பேரு இருக்கும்க்கா. மாவு லாரி எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க. அந்தம்மா பெட்டியையும் பாத்துட்டுப் போறேன்."

வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, விரிப்பில் இருந்த இரண்டு ரொட்டியையும் துணியில் சுற்றி அவர் பைக்குள் திணித்தாள். அவர் போன பிறகுதான் அவை நிக்பக்தியுடையவை என்பது நினைவுக்கு வந்தது.

மறுபடி பெட்டியைத் திறந்து, இரண்டு ரொட்டிக்கு மாவு அள்ளினாள். இனி மூன்று நாளைக்குத்தான். பிசைகிற கையை நிறுத்தி நிறுத்தி, லாரிச் சத்தம் கேட்கிறதா என்று பாதைப் பக்கம் காது கொடுத்தாள்.